மறைப்பதா, மழுப்புவதா, வாக்குக் கொடுப்பதா, அளந்து காட்டுவதா? அணுகுண்டு விஷயத்தில் எது தேவலை

அக்கா மகள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயா டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, பட்டிமன்றத்துக்குப் பேர் குடுத்துட்டேன். ஒரு நாடு தங்கிட்ட அணுகுண்டு இருக்கா, அதை எப்ப எடுக்கும்னு பிடிகொடுக்காம பேசினா, மத்த நாடுகள் குண்டு செய்யறது குறையுமா கூடுமா? எந்தப் பக்கம் வேணாலும் எடுத்துக்கலாமாம். எனக்கு ரெண்டு நாளா தெளியவே மாட்டேங்குது."

அவளுக்கு மட்டும் இல்லை. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது எங்கள் ஊர் வாசகசாலையில் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களும் மலையாளப் பத்திரிகை படிப்பவர்களும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர், "எல்லாத்தையும் வெளியில சொன்னா எதிரிக்குத் தைரியம் வந்துரும்" என்றார்கள். மீதிப் பேர், "சொல்லாம இருக்கறதாலதான் ஆளாளுக்குப் பயந்து குண்டு செய்யறாங்க" என்றார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மாட்டிக்கொள்கிறோம்.

## முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளலாம்

தெளிவின்மை என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகளைச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். ஒன்று, குண்டு இருக்கிறதா என்பதையே சொல்லாமல் இருப்பது. இஸ்ரேல் செய்வது இது. இன்னொன்று, குண்டு இருக்கிறது என்று உலகறியச் சொல்லிவிட்டு, எப்போது எடுப்பேன் என்பதை மட்டும் மழுப்புவது. அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், பாகிஸ்தான் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு மாற்றாக இரண்டு தெளிவான வழிகள் உண்டு. "முதலில் பயன்படுத்த மாட்டோம்" என்று வாக்குக் கொடுப்பது ஒன்று. சீனாவும் இந்தியாவும் அப்படி. "உள்ளே வா, அளந்து பார்" என்று கதவைத் திறந்துவிடுவது இன்னொன்று. ஆக நான்கு வழிகள். ஐந்தாவதாக ஒரு மதில்மேல் பூனையும் உண்டு; அதை நடுவில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். எதிரி நாடு இதைப் பார்த்துத் தானும் குண்டு செய்யத் தூண்டப்படுமா? நம்மை நம்பி நம் அணுக்குடைக்குள் (உன்னை யாராவது தாக்கினால் எங்கள் குண்டு காக்கும் என்ற உறுதிக்குள்) நிற்கும் நட்பு நாடு நிம்மதியாக இருக்குமா, சொந்தக் குடை வாங்கக் கிளம்புமா? பதற்றமான நேரத்தில் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து எவ்வளவு? கடைசியாக, வெளியில் தெரியாத செலவு என்ன, அதை யார் கட்டுகிறார்கள்?

நான்குக்கும் ஒரே எடை கிடையாது. கேள்வியே ஆயுதப் பரவலைப் பற்றியது என்பதால் முதல் இரண்டுக்குத்தான் நான் அதிகம் கொடுப்பேன். ஆனால் நான்காவதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் மலிவாகத்தான் தெரியும்.

## இருப்பதையே சொல்லாமல் இருப்பது

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்போமே, அதுதான். பாலைவனத்தில் இருக்கும் டிமோனா அணு உலையை 1950-களின் கடைசியில் பிரான்சின் உதவியோடு இஸ்ரேல் கட்டத் தொடங்கியது. 1960-களிலிருந்து அந்நாட்டுத் தலைவர்கள் சொல்வது ஒரே வாக்கியம்தான்: மத்திய கிழக்கில் அணு ஆயுதத்தை முதலில் கொண்டுவருபவர்கள் நாங்களாக இருக்க மாட்டோம். 1969 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சனும் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயரும் சந்தித்துப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இஸ்ரேல் சோதனை செய்யாது, அறிவிக்காது. அமெரிக்காவும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் (குண்டு இல்லாத நாடுகள் இனி செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கும் ஒப்பந்தம்) கையெழுத்துப் போடு என்று நெருக்காது. 1986-ல் டிமோனாவில் வேலை பார்த்த மொர்தெகாய் வனுனு உள்ளே எடுத்த படங்களை லண்டன் பத்திரிகைக்குக் கொடுத்தார். அவரை ரோமிலிருந்து கடத்திக்கொண்டுபோய் 18 ஆண்டு சிறையில் வைத்தார்கள். வாக்கியம் மட்டும் மாறவில்லை. சுவீடனின் சிப்ரி ஆய்வு நிறுவனம் இஸ்ரேலிடம் சுமார் 90 குண்டுகள் இருப்பதாக மதிப்பிடுகிறது.

இதற்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இஸ்ரேல் வெளிப்படையாகக் குண்டு வெடித்துக் காட்டியிருந்தால் கெய்ரோவில் எந்த ஆட்சியாலும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க முடியாது. ஜனங்கள் விட்டிருக்க மாட்டார்கள். இஸ்ரேல் சொல்லாமல் இருந்ததால், எகிப்துக்குத் தெரியாததுபோல் இருந்துகொள்ள ஒரு வசதி கிடைத்தது. 1968-ல் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட எகிப்து, 1981-ல் அதை உறுதியும் செய்தது. மழுப்பலை ஆதரிப்பவர்களின் பலமான ஆதாரம் இதுதான்.

அப்புறம் மறைவான செலவுகள். எகிப்தும் ஈரானும் சேர்ந்து 1974-லேயே மத்திய கிழக்கை அணு ஆயுதமற்ற பகுதியாக்க வேண்டும் என்று ஐ.நா.வில் கேட்டன. ஐம்பது ஆண்டு தாண்டியும் அது நடக்கவில்லை. 1995-ல் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டிக்க அரபு நாடுகளைச் சம்மதிக்க வைப்பதற்கே இதைப் பற்றித் தனித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 2015 மறுஆய்வு மாநாடு இந்த ஒரே விஷயத்தில் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. அதாவது ஒரு நாடு தன் வாயை மூடிக்கொண்டதற்கான வட்டியை, உலகத்தின் பொது ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு செலவு பலர் கண்ணில் படுவதில்லை. எகிப்து இன்றுவரை ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இஸ்ரேலின் அணு ஆயுதத்தையே காரணமாகக் காட்டுகிறது. சிரியா 2013 வரை சேரவில்லை. அணுகுண்டு பரவவில்லை, சரி. அதற்குப் பதில் வேறு கதவு திறந்துகொண்டது.

பக்கத்தில் யாரும் செய்யாதபோதுதான் பேசாமல் இருப்பதற்கு மரியாதை. அதனால் பக்கத்தில் செய்யக் கிளம்புகிறவர்களை இஸ்ரேல் அடிக்க வேண்டியிருக்கிறது: 1981-ல் ஈராக்கின் ஒசிராக் உலை, 2007-ல் சிரியாவில் கட்டிக்கொண்டிருந்த உலை, 2025 ஜூனில் ஈரான். ஒசிராக்கை அடித்த பிறகுதான் சதாம் உசேன் ரகசியத் திட்டத்தில் பணத்தைக் கொட்டினார் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

நம் துணைக்கண்டத்துக்கு வருவோம். இந்த வழியில் நாமும் ரொம்ப தூரம் நடந்திருக்கிறோம். 1948-ல் அணுசக்தி மசோதா மீதான விவாதத்தில், அமைதிப் பயன்பாட்டுக்கான ஆராய்ச்சிக்கும் ஏன் இத்தனை ரகசியம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அமைதிக்கானது, பாதுகாப்புக்கானது என்று இரண்டையும் எப்படிப் பிரிப்பதென்று தமக்குத் தெரியவில்லை என்ற பொருளில் நேரு பதில் சொன்னார். 1974 மே 18-ல் பொக்ரானில் வெடித்தோம். "அமைதிக்கான அணு வெடிப்பு" என்று பெயர் வைத்தோம். புளுட்டோனியம் வந்தது கனடா கொடுத்த சைரஸ் உலையிலிருந்து. கனடா உதவியை நிறுத்தியது. அணுசக்திப் பொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடிக் குழு அமைத்தது இந்த வெடிப்பைப் பார்த்துத்தான். அந்தக் குழுவிடம் விலக்கு வாங்க நமக்கு 2008 வரை ஆயிற்று. 1974-லிருந்து 1998 வரை 24 ஆண்டு "இருக்கு, ஆனா இல்லை" என்றே காலம் தள்ளினோம்.

பாகிஸ்தான் குண்டு செய்யக் கிளம்பியதே 1974 வெடிப்பால்தான் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. வங்கதேசப் போரில் தோற்ற கையோடு, 1972 ஜனவரியில் முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டி பூட்டோ முடிவெடுத்துவிட்டார். 1974 அந்த வண்டியை வேகப்படுத்தியது. பாகிஸ்தானும் நம்மைப் போலவே மழுப்பக் கற்றுக்கொண்டது. அதன் மழுப்பல் அமெரிக்காவுக்கும் தேவைப்பட்டது, ஏனென்றால் அது ஆப்கன் போர்க் காலம். "பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை" என்று ஆண்டுதோறும் அதிபர் சான்று கொடுத்தால்தான் உதவிப் பணம் என்று 1985-ல் சட்டத் திருத்தம் வந்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டுப் போகும்வரை சான்றும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. 1990 அக்டோபரில் நின்றது.

இந்த இருட்டில் வளர்ந்ததுதான் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.கியூ. கானின் கள்ளக் கடை. செறிவூட்டும் கருவிகள் ஈரானுக்கும் லிபியாவுக்கும் வட கொரியாவுக்கும் போயின. 2004 பிப்ரவரியில் அவரே தொலைக்காட்சியில் வந்து ஒப்புக்கொண்டார். இல்லாத ஒரு திட்டத்துக்கு எந்த நாடாளுமன்றம் தணிக்கை கேட்கும்? பரவல் என்ற கேள்வியில் இந்த வழிக்கு நான் கொடுக்கும் பெரிய கழிவு மதிப்பெண் இதற்குத்தான்.

இவ்வளவுக்கும் பிறகும் இந்த வழி எங்கே தேவலை? பெரிய நாடு ஒன்று பின்னால் நிற்க வேண்டும், சோதனை வெடிப்பு நடக்கக் கூடாது, பக்கத்து நாடுகளுக்கும் கண்ணை மூடிக்கொள்ள ஒரு காரணம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் காலம் கிடைக்கும். கிடைத்த காலத்தில் சமாதானம் பேசினால் லாபம். 1979-ல் எகிப்தோடு அப்படி நடந்தது. ஈராக், சிரியா, ஈரானோடு நடக்கவில்லை.

## சொல்லிவிட்டு மழுப்புவது

1991 ஜனவரி 9, ஜெனீவா. குவைத்தில் போர் தொடங்க ஒரு வாரம் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், அதிபர் புஷ் சதாமுக்கு எழுதிய கடிதத்தை ஈராக்கின் தாரிக் அஜீஸிடம் நீட்டினார். ரசாயன, உயிரி ஆயுதத்தை எடுத்தால் மிகக் கடுமையான பதிலடி வரும் என்று அதில் இருந்தது. பதிலடி எந்த ஆயுதத்தால் என்று இல்லை. அஜீஸ் படித்துவிட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அணு ஆயுதம் எடுப்பதில்லை என்று தாங்கள் முடிவு செய்திருந்தும் எடுக்கக்கூடும் என்ற எண்ணத்தை வேண்டுமென்றே விட்டுவைத்ததாகப் பேக்கரே பின்னாளில் எழுதினார். போரில் ஈராக் ரசாயன ஆயுதத்தை எடுக்கவில்லை. அது இந்தக் கடிதத்தாலா, வேறு காரணத்தாலா என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

இந்த வழியின் உண்மையான பலம் எதிரியிடம் இல்லை, நண்பரிடம் இருக்கிறது. தென் கொரியாவைப் பாருங்கள். 1971-ல் நிக்சன் ஒரு முழு டிவிஷன் படையை அங்கிருந்து திருப்பி எடுத்தார். அதிபர் பார்க் சுங் ஹீ உடனே ரகசியமாகக் குண்டு வேலையைத் தொடங்கினார். அமெரிக்கா நெருக்கி நிறுத்தியது. 1975-ல் தென் கொரியா பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதி செய்தது. குடை கொஞ்சம் சாய்ந்தால்கூட கீழே நிற்பவர் தனிக் குடை தேடுவார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. "நாங்கள் முதலில் பயன்படுத்த மாட்டோம்" என்று அறிவிக்கலாமா என 2016-ல் ஒபாமா யோசித்தபோது ஜப்பானும் தென் கொரியாவும் தயங்கியது அதனால்தான். வட கொரியா பெரும்படையோடு வந்தால் அமெரிக்கா என்ன செய்யும் என்பது மழுப்பலாக இருக்கும்வரைதான் அவர்களுக்குத் தூக்கம். 2022-ல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் தென் கொரியர்கள் பத்தில் ஏழு பேர் சொந்தக் குண்டு வேண்டும் என்றார்கள். 2023 ஏப்ரலில் அணு ஆயுதம் குறித்து இரு நாடும் கலந்துபேச ஒரு குழுவை வாஷிங்டனில் அறிவிக்க வேண்டி வந்தது.

குடைக்கு வெளியே நிற்பவருக்கு இதே மழுப்பல் வேறு மாதிரி கேட்கும். எந்தெந்த நாட்டின்மீது அணு ஆயுதம் பயன்படுத்த நேரலாம் என்று அமெரிக்க ராணுவம் போட்ட பட்டியல் 2002-ல் கசிந்தது. ஈராக், ஈரான், வட கொரியா, லிபியா, சிரியா எல்லாம் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு ஈராக் வீழ்ந்தது. வட கொரியா ஒப்பந்தத்தை விட்டு வெளியேறி 2006-ல் வெடித்துக் காட்டியது. லிபியாவின் கடாபி 2003 டிசம்பரில் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். 2011-ல் நேட்டோ குண்டுவீச்சுக்கு நடுவே ஆட்சியும் போயிற்று, உயிரும் போயிற்று. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காத ஜெனரல் எந்த நாட்டிலும் இருக்க மாட்டார்.

பாகிஸ்தானின் கணக்கு வேறு. படைபலத்தில் இளைத்த நாடு என்பதால் மழுப்பலே அதற்கு வேலி. நிலம் பறிபோவது, படை அழிவது, பொருளாதாரம் நெரிக்கப்படுவது, உள்நாட்டில் குழப்பம் மூட்டப்படுவது என்று நான்கு எல்லைகளை, அந்நாட்டு அணு ஆயுதப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் காலித் கிட்வாய் சொன்னதுண்டு. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மட்டும் சொல்லவில்லை. போர்க்களத்திலேயே அணுகுண்டு வீசுவதற்கான நஸ்ர் ஏவுகணை, 2011-ல் சோதித்தபோது போகக்கூடியது 60 கிலோமீட்டர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூரைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் தீர்ந்துவிடும் தூரம். போர்க்களத்தில் ஓர் இளநிலை அதிகாரி பதறினால் என்ன ஆகும் என்பதுதான் மூன்றாவது கேள்வி. 2025 மே மோதலுக்குப் பிறகு, அணு மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்று நம் பிரதமர் பேசினார். ஒருவர் கோட்டை மங்கலாக வைத்தால் இன்னொருவர் அந்த மங்கலுக்குள் காலை வைத்துப் பார்ப்பார். அந்த நான்கு நாளும் நடந்தது அதுதான்.

இதே மழுப்பல், படையெடுப்பவர் கையில் கிடைத்தால் மோசம். உக்ரைன் தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளைக் கொடுத்துவிட்டு 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் வாக்குறுதி வாங்கிக்கொண்டது. 2022-ல் ரஷ்யா அணு ஆயுதத்தைப் பூடகமாகக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தது.

ஆக, நிறைய நட்பு நாடுகளைத் தன் நிழலில் வைத்திருக்கும் வல்லரசுக்கு இந்த வழி தேவலை. நிழலே இல்லாத நாட்டுக்கு இது வெறும் மிரட்டல்.

## நடுவில் ஒரு பூனை

"செய்ய முடியும், ஆனால் செய்யவில்லை" என்று நிற்பது. ஜப்பானிடம் பிரித்தெடுத்த புளுட்டோனியம் 40 டன்னுக்கு மேல் இருக்கிறது, பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும். சர்வதேச அணுசக்தி முகமை எல்லாவற்றையும் எண்ணி வைத்திருப்பதால் யாரும் பதறுவதில்லை. ஈரான் 2021-ல் யுரேனியத்தை 60 சதவீதம்வரை செறிவூட்டத் தொடங்கியது. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தது. 2025 ஜூனில் குண்டு விழுந்தது. ஒரே மதில், ஒரே பூனை. வித்தியாசம் கணக்குப் புத்தகத்தில்.

இதன் தலைகீழ் வேடிக்கையும் ஒன்று உண்டு. சதாம் கடைசிக் காலத்தில் தன்னிடம் இல்லாத ஆயுதத்தை இருப்பதுபோல் விட்டுவைத்தார். ஈரான் பலவீனம் என்று நினைத்துவிடக் கூடாதென்று பயந்ததாகப் பிடிபட்ட பிறகு விசாரணையில் சொன்னார். ஈரானுக்குப் போட்ட நாடகத்தை அமெரிக்கா நம்பிவிட்டது.

## முதலில் பயன்படுத்த மாட்டோம்

சீனா 1964 அக்டோபர் 16-ல் முதல் குண்டை வெடித்த அன்றே இந்த வாக்கைக் கொடுத்தது. இந்தியா 1998-ல் மீண்டும் வெடித்த பிறகு கொடுத்தது. 2003 ஜனவரி 4-ல் அமைச்சரவைக் குழு அதை அதிகாரபூர்வக் கொள்கையாக்கியது.

கேட்க நன்றாக இருக்கிறது. அண்டை நாடு நம்புமா? சோவியத் ஒன்றியம் 1982-ல் இதே வாக்கைக் கொடுத்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு கிழக்கு ஜெர்மனியில் கிடைத்த ராணுவ ஆவணங்கள் வேறு கதை சொல்லின. ரஷ்யா 1993-ல் வாக்கையே கைவிட்டது. ஆக, சொல்லைவிட அடுக்கி வைத்திருக்கும் விதம்தான் முக்கியம். குண்டு ஒரு இடத்தில், ஏவுகணை ஒரு இடத்தில் என்று இருந்தால் வாக்கு நம்பத்தக்கது. இரண்டையும் மாட்டித் தயாராக வைத்தால், நீர்மூழ்கியில் ஏற்றினால், நம்பிக்கை இளைக்கும். சிப்ரி கணக்கில் சீனாவின் குண்டுகள் 2024 தொடக்கத்தில் சுமார் 500, ஓராண்டில் சுமார் 600.

இந்த வாக்கு இரு நாடுகளுக்கும் ஏன் மலிவாகக் கிடைத்தது என்பதை யாரும் பேசுவதில்லை. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் குடைக்குள் நிற்கும் நட்பு நாடு கிடையாது. சமாதானம் சொல்ல ஆளில்லாத வீட்டில் தீர்மானம் சுலபம். அதே வாக்கை அமெரிக்கா கொடுத்தால் டோக்கியோவிலும் சியோலிலும் விலை கொடுக்க வேண்டும்.

மறைவான செலவு, வாக்குக் கொடுத்த பிறகு அதில் விழும் சின்னக் கீறலும் செய்தியாகிவிடும். 2003 கொள்கையிலேயே ரசாயன, உயிரி ஆயுதத் தாக்குதலுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஏன் நம்மை நாமே கட்டிப்போட வேண்டும் என்று 2016-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் சொந்தக் கருத்தாகக் கேட்டார். 2019 ஆகஸ்ட் 16-ல் பொக்ரானில் நின்றுகொண்டு ராஜ்நாத் சிங், இதுவரை கடைப்பிடித்தோம், இனி நிலைமையைப் பொறுத்தது என்ற பொருளில் பேசினார். வாக்கும் இருக்கிறது, மழுப்பலும் சேர்ந்துவிட்டது. இரண்டு வழியின் செலவும் நமக்கு, ஒரு வழியின் லாபமாவது முழுதாகக் கிடைக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

குடைக்குள் யாரும் இல்லாத, அடி வாங்கினாலும் திருப்பி அடிக்கும் பலம் உள்ள நாட்டுக்கு இது தேவலை.

## உள்ளே வந்து அளந்துகொள்

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தாலுகாக்காரனுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சித்தூர்ப் புழையில் தண்ணீர் வருவது ஆழியாற்றிலிருந்து. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குத் தர வேண்டும். தமிழ் பேசிக்கொண்டு கேரளத்தில் விவசாயம் செய்யும் எங்களுக்கு இது ஒரு வேடிக்கையான இடம்: யார் பக்கம் பேசினாலும் பாதி வீட்டில் திட்டு விழும். சண்டை இல்லாமல் இல்லை, கோடையில் சாலை மறியல்கூட நடக்கும். ஆனால் சண்டை எதைப் பற்றி? அளவைப் பற்றி. "அவங்க மனசுல என்ன இருக்கோ" என்ற பயத்தைப் பற்றி இல்லை. இரண்டு மாநிலப் பொறியாளர்களும் பார்க்கும்படி ஒரு அளவுகோல் அங்கே நிற்கிறது.

பிரேசிலும் அர்ஜென்டினாவும் இதே மாதிரி ஆற்றுத் தகராறில்தான் தொடங்கின. 1970-களின் கடைசியில் இரண்டிலும் ராணுவ ஆட்சி, இரண்டும் பரவல் தடை ஒப்பந்தத்துக்கு வெளியே, இரண்டிலும் ரகசிய அணுத் திட்டங்கள். பரானா ஆற்றின் மேலே பராகுவேயோடு சேர்ந்து பிரேசில் கட்டிய இடாய்பு அணையால் கீழே தனக்கு என்ன ஆகுமோ என்று அர்ஜென்டினா பயந்தது. 1979 அக்டோபரில் பராகுவேயையும் சேர்த்துக்கொண்டு நீர்மட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டே அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் வந்தது. யுரேனியம் செறிவூட்டுவதில் வெற்றி பெற்றதை உலகத்துக்கு அறிவிக்கும் முன் 1983-ல் அர்ஜென்டினா பிரேசிலுக்குத் தகவல் சொல்லிவிட்டது. 1987-ல் பிரேசில் அதே மரியாதையைத் திருப்பிச் செய்தது. பிரேசில் அதிபர் சார்னே, அர்ஜென்டினாவின் பில்கனியேயு ஆலைக்குள் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு அர்ஜென்டினா அதிபர் அல்ஃபோன்சின் பிரேசிலின் அராமர் மையத்தைப் பார்த்தார். 1991-ல் கூட்டுக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றே பிறந்தது. பிரேசில் ஆலையை அர்ஜென்டினாக்காரர் சோதிப்பார், அர்ஜென்டினா ஆலையை பிரேசில்காரர் சோதிப்பார்.

இந்த இடத்தில் அக்கா மகள் குறுக்கிட்டாள். "தண்ணியை அளக்கலாம் மாமா, குண்டை எதை வெச்சு அளக்கறது?"

அளக்கிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமை 8 கிலோ புளுட்டோனியம், அல்லது உயர் செறிவு யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235 என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு குண்டு செய்ய முடியாது என்று சொல்ல முடியாத அளவு அது. எடை போட்டு, முத்திரை வைத்து, கேமரா மாட்டி, ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. ஆறு குண்டு செய்துவைத்திருந்த நாடு அது. அதன் திட்டமே மூன்று படிகளாக இருந்தது: முதலில் மழுப்பல், நெருக்கடி வந்தால் வல்லரசுகளிடம் காதில் சொல்வது, கடைசியில் வெடித்துக் காட்டுவது. முதல் படியிலேயே நின்றுவிட்டது. குண்டுகளைப் பிரித்துப் போட்டுவிட்டு 1991-ல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 மார்ச் 24-ல்தான் அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் விஷயத்தையே சொன்னார். வரப்போகும் கறுப்பினப் பெரும்பான்மை ஆட்சியின் கையில் குண்டு போகக் கூடாது என்ற கணக்கும் இதில் இருந்தது என்ற குற்றச்சாட்டு உண்டு. எனக்கும் அது பொய்யென்று தோன்றவில்லை.

செலவு இல்லையா? இருக்கிறது. தொழில்நுட்ப ரகசியம் வெளியே போகும் என்ற பயம்: 2004-ல் ரெசெண்டே ஆலையின் சுழல் இயந்திரங்களை முகமையின் ஆய்வாளர் கண்ணில் படாமல் பிரேசில் மறைத்துக்கட்டித் தகராறானது. அதைவிட, இந்த வழிக்குச் சமமான இரண்டு பேர் வேண்டும், மூன்றாவது ஆள் முதுகுப்பக்கம் நிற்கக் கூடாது. பாகிஸ்தானுக்குக் கதவைத் திறந்தால் சீனாவுக்கும் திறந்த மாதிரி என்று டெல்லி நினைக்கும். அப்படியும், அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற 1988 ஒப்பந்தப்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் இரு நாடும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் ஆண்டிலும் நிற்கவில்லை. நம் வீட்டு மணக்கடவு அதுதான், ரொம்பச் சின்னது என்றாலும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதிரி நாடு | குடைக்குள் இருப்பவர் | பதற்ற நேரம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| இருப்பதையே மறைத்தல் | சில காலம் சும்மா இருக்கும் | பெரும்பாலும் யாரும் இல்லை | வதந்தியே ஆட்சி செய்யும் | கள்ளச் சந்தை, பொது ஒப்பந்தத்தில் ஓட்டை |
| சொல்லி மழுப்புதல் | வெளியே நிற்பவர் குண்டு தேடுவார் | நிம்மதி | ஆபத்து அதிகம் | குடையை ஓயாமல் உறுதிசெய்ய வேண்டும் |
| முதலில் பயன்படுத்தோம் | நம்பினால் தணியும் | இருந்தால் பதறுவார் | ஆபத்து குறைவு | சின்ன மாற்றமும் நம்பிக்கையைக் கெடுக்கும் |
| அளந்து காட்டுதல் | தேவையே குறையும் | கேள்வி எழாது | ஆபத்து மிகக் குறைவு | ரகசியம் போகும் பயம், சமமான இருவர் வேண்டும் |

## சரி, எந்தப் பக்கம் பேசுவது

அவளுக்கு நான் சொன்னது இது. பரவலை மட்டும் பார்த்தால் மழுப்பல் காலம் வாங்கித் தரும், அதுவும் வட்டிக்கு. வட்டியை மூன்றாம் நாடுகள் கட்டும். அதனால் "கூடும்" என்ற பக்கம் எடு. ஆனால் நான்கு வழிகளையும் கலக்காதே. இஸ்ரேலைப் பற்றிய ஆதாரத்தை அமெரிக்காவுக்கு எதிராகப் போட்டால் ஒரு நிமிஷத்தில் மாட்டிக்கொள்வாய்.

"எகிப்து குண்டு செய்யலையேன்னு எதிரணி கேட்டா?" என்றேன்.

"அப்ப ரசாயன ஆயுத ஒப்பந்தத்துல ஏன் கையெழுத்துப் போடலைன்னு திருப்பிக் கேப்பேன்."

"ஜப்பானை எடுத்தா? குடை மழுப்பலாலதானே அவங்க குண்டு செய்யாம இருக்காங்கன்னு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதுக்கு என்ன மாமா பதில்?"

"எங்கிட்டயும் இல்லை. அதை ஒத்துக்கிட்டு, அடுத்த பாயின்ட்டுக்குப் போயிரு."

நோட்டில் ஜப்பான் என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.